வியாழனுக்குள்ள வந்துரணும்

இன்னிக்கும் ஒண்ணும் மாட்டலியா தம்பி? அட, நிழலுக்கு வாங்க. இந்தப் புல்லுப் பண்ணைக்கு நாந்தான் ஆளு, என்கிட்ட என்ன கூச்சம். கீழக்கரை மீராசான்னா ராஸ் அல் கைமாவுல எல்லாருக்கும் தெரியும். சரி, எல்லாருக்கும்னா மூணு லாரி டிரைவருக்கு.

நாலு நாளா பாக்குறேன், வெள்ளென வந்து பீரங்கியாட்டம் அந்தக் கேமராவ நட்டு வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. லீவு போட்டா? சம்பளத்தோடயா! நம்ம கம்பெனியில காய்ச்சலுக்கே லீவு மாஃபி, கெடையவே கெடையாது. வானம்பாடி பாக்கப் போறேன்னு கேட்டா மண்டைய சோதிக்கச் சொல்லுவான்.

கிண்டல் இல்ல தம்பி. அதுக வரணும்னு உங்களவிட எனக்குத்தான் அவசரம். மார்ச்சு பொறந்தா நெல்லக் கொட்டுனாப்புல வந்து எறங்கும். இந்த வருசம் வடகாத்து நிக்கவே மாட்டேங்குது, எல்லாம் தெக்க எங்கயோ ஒக்காந்துருச்சு. அந்தத் தெக்குப் பக்கம் சலாலாவுல என் மச்சான் ராஜிக் மளிகைக் கடை வச்சிருக்கான். அங்கருந்து குருவி கெளம்பிருச்சான்னு தெனம் போன் போடுறேன். உன் தங்கச்சி எப்படி இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டியான்னு சண்டைக்கு வாரான்.

வியாழக்கிழமை எங்க மேனேஜர் விஜயபாஸ்கர் வாராரு. அதுக்குள்ள குருவி எறங்கலேன்னா என் விசா கேன்சல். வாயால சொல்லல, சார்ட்டு போட்டுக் காட்டுனாரு. ஒரு மாசமா என் கட்டத்துல பூரா முட்டை. மக ஹிஃப்ஸா காலேஜு ரெண்டாம் வருசம். இப்ப என்னை ஊருக்கு அனுப்பிட்டா அது படிப்பு நின்னுரும். கேம்புல மிஞ்சுன சோத்தக்கூட கொண்டாந்து வரப்புல எறைச்சு வச்சிருக்கேன், மோந்து பாக்க ஒண்ணும் வரல.

என்னது, நான் பறவைய பாதுகாக்குற ஆளா? நல்லா கேட்டீங்க போங்க. இது விதைப் புல்லு தம்பி, கொத்தித் தின்னா கம்பெனி சும்மா விடுமா? அந்தா குழாய் மாதிரி நிக்கிதுல்ல, அது கேஸ் வெடி. விரட்டுறதுதான் என் டூட்டி. எத்தனைய விரட்டுனேன்னுதான் அந்த சார்ட்டு. போன வருசம் நல்லா விரட்டுறேன்னு சர்ட்டிபிகேட்டே குடுத்தாங்க.

இருங்க இருங்க, பேசாதீங்க. தெக்கால பாருங்க, புள்ளி புள்ளியா. எறங்குது தம்பி, எறங்குது. அல்ஹம்துலில்லாஹ். அவசரமில்ல, நீங்க எடுங்க, கூட்டம் முழுசா விழுறாப்புல எடுங்க. எனக்கும் ஒண்ணு அனுப்பிருங்க, மேனேஜருக்குக் காட்டணும்.

எடுத்தாச்சா? சரி, காதைப் பொத்திக்கங்க.