மச்சினனின் மூச்சு

சூப்புக்கு உப்பு நான்தான் போடுவேன். மச்சினனுக்குச் சமையல் வராது. பாத்திரம் கழுவக்கூட அவனை நம்ப முடியாது. கூடாரத்தில் அடுப்பு முழுக்க என் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் நீங்கள் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் மனைவியின் தம்பி, ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன். மலை ஏறத் துணைக்கு ஆள் வேண்டும் என்று அவன் என்னைக் கேட்டபோது, "இவரா? மாடிப்படி ஏறினாலே இவருக்கு நாக்குத் தள்ளும்" என்றாள் என் மனைவி. மாமனார் வீட்டில் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வழிகாட்டி கறாரான பெண்மணி. தினமும் காலையில் எல்லோர் விரலிலும் ஒரு கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார். எண் ரொம்ப இறங்கிவிட்டால் அந்த ஆள் கீழே போக வேண்டும். ஜோடியாக வந்தவரும் கூடவே இறங்க வேண்டும். புறப்படும்போதே இன்னொன்றும் சொன்னார்: "மேல போனப்புறம் தூக்க மாத்திரை யாரும் போடாதீங்க. தூக்கத்துல மூச்சு கொறஞ்சுடும். ஆளே போயிடலாம்." எனக்கு வீட்டிலேயே மாத்திரை இல்லாமல் தூக்கம் வராது. அதனால் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

உயரம் ஏற ஏற எனக்குத் தலை வெடித்தது. பாறைக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்தேன். மச்சினனோ பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினான்.

"மாமா, மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு? இறங்கிடலாமா? அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அவன் பக்குவம் எனக்குத் தெரியும். என் பேரப்பிள்ளைகள் காலம்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இறங்கியே ஆக வேண்டும் என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரால் இறங்கினோம் என்பதுதான் பிரச்சினை.

அன்று அவன் சூப்பில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். காலையில் அவன் எண் கொஞ்சம் குறைந்திருந்தது. "இன்னும் ஒரு நாள் பாக்கலாம்" என்றார் வழிகாட்டி. நியாயமாக அவர் அப்போதே எங்களை அனுப்பியிருக்க வேண்டும். அவர் இழுத்தடித்ததால்தான் மறுநாள் நான் கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று.

"சூப்பு பிரமாதம் மாமா" என்று மச்சினன் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தான். அதற்கு நான் பொறுப்பில்லை.

விடிந்ததும் அவன் எழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழுதேன். மூக்கில் குழாய் மாட்டி, ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவன் பையையும் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். இறங்க இறங்க எனக்குத் தலைவலி விட்டது. பசிகூட எடுத்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான். பேச்சுதான் இன்னும் வரவில்லை. அக்காவையே யாரோ எவரோ என்று பார்க்கிறான். ஏதாவது மாத்திரை சாப்பிட்டானா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் கூட இல்லன்னா என் தம்பி என்ன ஆகியிருப்பான்" என்று தேம்பினாள். மாமனார் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். சந்தோஷமாக இருந்தது.

ரத்தத்தில் மாத்திரை இருந்தது என்கிறீர்கள். ஆமாம், நான் போட்டதுதான். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். என் மனைவியிடம் நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால், இதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: அவன் எழாத அன்று காலை கிளிப் மாட்டிப் பார்த்தபோது, அவனைவிட எனக்குத்தான் எண் அதிகம்.