ஆடபிட்டவுக்கு எடுத்து வைத்த மீன்

மீன் வளர்ப்பவனுக்கு மீன் குழம்பு பிடிக்காது என்றால் சிரிப்பார்கள். எனக்குப் பிடிக்காது. அன்று நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டது அதனால்தான் ஐயா.

கொல்லேறு ஏரிக்கரையில் எங்கள் ஊருக்கு மழை விட்டதும் கூழைக்கடாக்கள் வரும். நாங்கள் அவற்றை 'ஆடபிட்ட' என்போம், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண் என்று. கொண்டாடுவது ஊர், தீனி மட்டும் என் குளத்தில். மூன்று வருடம் பொறுத்தேன். பிறகு பூச்சிமருந்தில் ஊறிய மீன்களைக் கரையில் போட ஆரம்பித்தேன். சில செத்தன. மற்றவை இட்ட முட்டைகள் பொரியவில்லை. ஆய்வுக்காரர்கள் வந்து உடைத்துப் பார்த்து, முட்டைக்குள்ளேயே மருந்து இருக்கிறது என்றார்கள்.

ஊர்ப் பெரியவர் சுப்பண்ணா கூட்டம் போட்டார். "ஆடபிட்ட வயித்துல விஷம் வச்சவன் எவன்டா? தெரிஞ்ச அன்னைக்கே அவன் வீட்டுல ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது" என்றார். எல்லோரையும் போல நானும் தலையாட்டினேன்.

என் மகள் ராஜ்யலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். அன்று காலை மருந்து மீனைக் கொல்லையில் வாளியோடு வைத்துவிட்டு, குளத்து மதகைப் பார்க்கக் கிளம்பினேன். மனைவி அச்சியம்மாவிடம், "வாளி மீன் ஆடபிட்டவுக்கு. வேற யாரும் தொட வேணாம்" என்றேன்.

மதியம் திரும்பினேன். வாசலில் சுப்பண்ணா உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது பொண்ணு ஞாபகம் வந்துச்சே! ஒரு துண்டு கூட நான் வாயில வைக்கல, எல்லாம் அவளுக்குத்தான். போதுமா?" என்று அச்சியம்மா கிண்டலடித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. சுப்பண்ணாவைப் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகளுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. சுப்பண்ணாவின் காரில்தான் போனோம். டாக்டர் கேட்டார்: "பூச்சிமருந்து ஏதாவது வயித்துக்குள்ள போயிருக்குமா? மறைக்காம சொல்லுங்க, அதுக்கு ஊசி இருக்கு."

சுப்பண்ணா என் தோளில் கை வைத்திருந்தார். "எங்க வீட்டுல மருந்தே கிடையாதுங்க. மீன் கெட்டிருக்கும்" என்றேன். டாக்டர் இரண்டாம் முறையும் கேட்டார். அதையேதான் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

பறவைகளைக் கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். மகள் விஷயத்தில், நான் தெளிவாகத்தான் சொன்னேன், அச்சியம்மாதான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.