வெள்ளைப் புள்ளிகளின் முன்னே மூன்று நாள்

நம் குடியிருப்போர் சங்கத்தைப் பதினோரு ஆண்டுகளாகத் தோளில் சுமக்கும் விழாத் தலைவர் கதிரேசன் அவர்களே! புதிய கேபிள் அறையை இன்று திறந்திருக்கும் தம்பிதுரை அவர்களே! பஞ்சாலைச் சங்கொலியில் எழுந்து, பஞ்சுத் தூசியில் உழைத்து, இன்று ஓய்ந்து அமர்ந்திருக்கும் பீளமேட்டுப் பெரியவர்களே! மூன்று சக்கர வண்டியில் வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட அரங்கசாமி அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வந்த எனக்கு நடுக்கமாக இருக்கிறது. மேடை நடுக்கம் அல்ல. கான்வென்ட்டில் படித்த நாளிலேயே மேடையேறிப் பழகியவள் நான். இது வேறு நடுக்கம். வருகிற முதல் தேதியை நினைத்து வருகிற நடுக்கம்.

அன்றோடு பழைய கேபிள் முறை நிற்கிறது. குமிழைத் திருகும் பழைய டிவிகளில் படம் வராது. தம்பிதுரை தரும் புதிய பெட்டியை இணைத்தால்தான் வரும். நாற்பது சேனல் என்கிறார்கள். நல்லது. யாருக்கு நல்லது? கண் மங்கியவருக்கு அந்தப் பொடி எழுத்து தெரியுமா? விரல் மடங்காதவருக்கு அந்தப் பொத்தான் பணியுமா? படுத்த படுக்கையில் இருப்பவருக்கு அந்தப் பெட்டி எட்டுமா?

எங்கள் வீதியில் சோதனைக்காகச் சென்ற மாதமே பெட்டி வைத்தார்கள். எதிர்வீட்டில் காளியாத்தாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் நூற்பு இயந்திரங்களின் இரைச்சலில் நின்று, இரண்டு காதுகளையும் பறிகொடுத்தவர். தனியாக வாழ்கிறார். நான்காம் வகுப்புவரை கற்ற எழுத்துதான் அவருக்குக் காது. டிவித் திரையின் அடியில் எழுத்து ஓடுமே, மின்தடை, தண்ணீர் வரும் நேரம், மரண அறிவிப்பு, அதைப் படித்துத்தான் ஊரை அறிவார்.

நம் வழக்கம் என்ன? மின்னல் வெட்டினால் மெயினை இறக்கிவிடுவோம். சிரிக்காதீர்கள், நீங்களும் இறக்குகிறவர்கள்தாம்! ஆனால் மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். சேனல்களை மறுபடி தேடிப் பதிய வேண்டும். இதை யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. மின்னல் வெட்டியது. காளியாத்தாள் மெயினை இறக்கினார். ஏற்றியபோது திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள்.

மறுநாள் காலை என் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுல படம் தெரியுதுங்களா? எம்பட ஊட்டுல பொரியக் கொட்டுனாப்பல இருக்குதுங்க."

நான் என்ன செய்தேன்? தெரிகிறது என்று தலையாட்டினேன்.

தெரிந்ததா? இல்லை! நானும் மெயினை இறக்கியவள். என் திரையிலும் அதே பொரிதான். ஆங்கிலக் குறிப்புத்தாளை இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை. படித்தவளுக்கே புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள என் கர்வம் விடவில்லை. தன் வீட்டில் மட்டும்தான் கோளாறு, தன் கைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று காளியாத்தாள் நாணிப்போனார். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. மூன்று நாள்!

அந்த மூன்று நாளில்தான் எங்கள் வீதிக் குழாயில் சாக்கடை கலந்தது. "குடிக்க வேண்டாம்" என்று மற்ற வீடுகளில் திரையின் அடியில் எழுத்து ஓடியது; ஓடியது; ஓடிக்கொண்டே இருந்தது! படிக்க வேண்டியவர் முன்னே பொரி. சிறுவாணித் தண்ணீரைக் காய்ச்சுவதே அதற்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிற ஊர் நம் ஊர். அவரும் காய்ச்சாமல் குடித்தார். கன்னியாஸ்திரிகள் பழக்கிய பழக்கத்தால் நான் காய்ச்சிக் குடித்தேன். தப்பினேன்.

நான்காம் நாள் அவர் கதவு திறக்கவில்லை. தட்டினால் கேட்காதே அவருக்கு! ஜன்னல் வழியே பார்த்தேன். தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன. கேளாத காது என்று தெரிந்தும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஓடிவந்து கதவை உடைத்தவர் தம்பிதுரை. அதை மறைக்க மாட்டேன். வாந்திபேதி. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

என்ன கேட்கிறீர்கள் அங்கே? "இப்ப நல்லா இருக்காங்களாங்க?" என்றா? இருக்கிறார், ஐயா. இதோ இரண்டாம் வரிசையில். ஆனால் முதல் தேதியன்று இன்னும் இருநூறு வீடுகள்! எத்தனை கதவுகளை உடைப்பது? எத்தனை ஜன்னல்களில் எட்டிப் பார்ப்பது?

தம்பிதுரை அவர்களே! பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். மெயினை இறக்குங்கள். ஏற்றுங்கள். அந்த வீட்டுப் பெரியவர் தன் கையாலேயே படத்தை மீட்கும்வரை வாசலைத் தாண்டாதீர்கள். கை முடியாதவர் வீட்டில், அண்டை வீட்டாருக்குக் கற்றுக் கொடுங்கள். கடைசி வீடு முடியும்வரை பழைய முறையை நிறுத்தாதீர்கள்! என்ன சொல்கிறீர்கள்?

"செஞ்சுபோடலாமுங்கம்மா" என்கிறார். தலைவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சபையே சாட்சி!

பெரியவர்களே, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் பேசியதும் காளியாத்தாளுக்குக் கேட்டிருக்காது. ஆகவே அட்டையில் எழுதி வந்திருக்கிறேன். உயர்த்திப் பிடிக்கிறேன்: "அன்று என் வீட்டிலும் படம் தெரியவில்லை. பொய்யாகத் தலையாட்டினேன். மன்னியுங்கள்."

படிக்கிறார். பொறுங்கள், எழுந்து நிற்கிறார்.

கேட்டீர்களா? "அட ஏனுங்கம்மா! அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா ஒக்காந்து அந்தப் பொரியவாவது பாத்திருக்கலாமுங்களே!"

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வீடு திரும்பும் வழியில் பக்கத்துக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.