பளபளப்பு வேண்டாமுங்க பாய்

— அக்கா, அக்கா, பைபிள் பையக் கல்லா மேல வெக்காதீங்க. பூராம் கிரீஸு. அந்த ஸ்டூலு மேல வெய்ங்க.

— பைபிளு ஊட்டுல இருக்குதுங்க பாய். இதுக்குள்ள போல்ட்டு.

— அட அல்லாவே! பைபிள் பைக்குள்ள போல்ட்டா?

— வேற எதுல கொண்டாந்தாலும் என்ற பையன் தொறந்து பாப்பானுங்க. சின்னதுல சர்ச்சுல புதுநன்மை வாங்குன நாளோட சரி, இந்தப் பைய அவன் தொட்டதே இல்லீங்க.

— மெல்வினுங்களா? அவந்தான் காலைலயே போன் பண்ணிட்டானே. அம்மா வருவாங்க, அப்பாவோட புல்லட்டுக்கு இஞ்சின் போல்ட்டு வேணும், கண்ணாடியாட்டம் மின்னோணும்னான். எடுத்தே வெச்சுட்டேன். பாருங்க, எஸ்எஸ்ஸு. சும்மா சொல்லலக்கா, இதுல மொகம் பாத்துப் பவுடர் போட்டுக்கலாம்.

— பவுடர் போட ஊட்டுல கண்ணாடி இருக்குதுங்க. இது வேண்டாம்.

— ஏனுங்கக்கா?

— பளபளப்பு வேண்டாமுங்க பாய். கறுப்பா, பாக்கறதுக்கு லட்சணமே இல்லாம, தலைல நம்பரு அடிச்சு ஒண்ணு வருமில்லீங்க, அதக் குடுங்க.

— ஹைடென்சைலா? அது ஓடற வண்டிக்குங்க. உங்களது தொங்கப்போற வண்டி. ரேஸ்கோர்ஸ் ரோட்டுல அவன் ஆரம்பிச்சிருக்கற காபிக்கடைல, உள்ள நொழைஞ்சதும் எதுத்த செவுத்துல. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்து தூக்கறேன்னு சொன்னான்.

— அதாணுங்க. அவன் தூக்க வர்றப்ப வண்டி ஊட்டுல இருக்கப்படாது.

— என்னதுங்க?

— விடியக் கெளம்புனா காங்கேயத்துல டிபனு. தாராபுரத்துல என்ற தங்கச்சி ஜெனிதா ஊட்டுல மத்தியானச் சோறு. வண்டி அவ ஊட்டுலயே நின்னுக்கும். வேணுங்கறப்ப எடுத்து ஓட்டிக்கலாம்.

— ஆரு ஓட்டறது?

— ஆளு இருக்குதுங்க. நீங்க போல்ட்டக் காட்டுங்க. பெயிண்ட் அடிக்கறேன்னு இருந்ததையெல்லாம் கழட்டிப்போட்டான். இந்தாங்க, சாம்பிளு.

— இதென்னக்கா, இது ஒண்ணு மட்டும் புதுசா இருக்குது? மரையெல்லாம் செதஞ்சு போச்சு!

— அவன் கூட்டிக்கிட்டு வந்த மெக்கானிக் பண்ணுன கூத்துங்க. வண்டி பழைய இஞ்சு மரை. அந்த மகராசன் மில்லிமீட்டர் போல்ட்ட வெச்சு முடுக்கறான். மொதல்ல ஒழுங்காப் போச்சு, அப்பறம் அடம் புடிச்சுது. அவன் சுத்தியலத் தூக்குனான். நான் வெளக்கமாத்தத் தூக்குனேன். எந்திரிச்சு ஓடிட்டானுங்க.

— ஹஹ்ஹா! சும்மா சொல்லலக்கா, பிரகாசண்ணன் மட்டும் உசுரோட இருந்து இதக் கேட்டிருந்தா...

— போன் அடிக்குதுங்க பாய்.

— மெல்வினுங்க! என்ன சொல்லட்டும்?

— நான் இங்க இல்லீங்க.

— யா அல்லா, என்னையப் பொய் சொல்ல வெக்கறீங்களே... அலோ, சொல்லு மெல்வினு. ஸ்பீக்கர்ல இருக்குது கண்ணு, கையெல்லாம் கிரீஸு.

— அங்கிள், அம்மா வந்தாங்களா?

— அம்மாவா... வருவாங்க, வருவாங்க.

— பழசு, கறுப்புன்னு ஏதாவது கேட்டாக் குடுத்துடாதீங்க அங்கிள். நமக்கு லுக்குதான் முக்கியம். அப்பாவோட ஜாக்கெட், ஹெல்மெட்டெல்லாம் வண்டி மேலயே மாட்டறோம். கீழ போர்டு வேற. "கொங்கு நாட்டுச் சிங்கம் பிரகாசம்." கஸ்டமர்ஸ் வரிசைல நின்னு செல்ஃபி எடுப்பாங்க.

— அதில்ல கண்ணு, ஒரு நா ஓட்டிப் பாக்கறதுன்னா போல்ட்டு கொஞ்சம் பலமா...

— யாரு அங்கிள் ஓட்டறது? கியர் வலது பக்கம் இருக்கறதப் பாத்தாலே எனக்குக் கால் கன்ஃபியூஸ் ஆவுது. அம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஷைனிங்காக் குடுத்து அனுப்புங்க, பை!

— வெச்சுட்டானுங்க.

— அது நெசந்தானுங்க பாய். சைக்கிளு எனக்கு வராது.

— அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு அவன் வந்து என்ற சட்டையப் புடிச்சா நான் என்னங்க பண்றது? மாட்டிட்டுப் போகட்டும் உடுங்க. அண்ணன் நெனப்பா இருக்குமில்ல.

— அவரு நெனப்புக்குப் போட்டோ மாட்டியிருக்குதுங்க, மாலையோட. அவரு செத்தாரு, மாட்டிப்போட்டோம். வண்டி சாகலீங்களே! உசுரோட இருக்கறதக் கொண்டுபோயி ஆணில தொங்கவுட்டா எனக்கு வயிறு எரியாதுங்களா? பெட்ரோல் டேங்கக் காய வெச்சு, இஞ்சினுக்குள்ள லைட்டுப் போடறானாமாங்க. லைட்டு! மனசு ஆறலீங்க பாய். அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு நான் உசுரோட இருக்கறதே தெரியுது. அதும் போச்சுன்னா, காபிக்கடைல ஒக்காந்து, வர்றவங்களுக்கு அவரு வீரக் கதையச் சொல்லிச் சொல்லியே நானும் போய்ச்சேர வேண்டீதுதான்.

— அட, அழுவாதீங்கக்கா.

— அழுவலீங்க. உங்க கடைல தின்னர் நெடி.

— சரி, சரி. இருங்க, பொட்டியத் தொறக்கறேன். இந்தாங்க. ஹைடென்சைலு, இஞ்சு மரை. பொழுதன்னிக்கும் வண்டி ஓட்டுனாலும் அசையாது.

— நட்டக் குடுங்க, ஓட்டிப் பாக்கறேன்... ம், வெண்ணெயாட்டம் போவுது. ஆனா இது ஆவாதுங்க.

— இன்னும் என்னங்கக்கா!

— தலை வரைக்கும் மரை ஓடுதுங்களே பாய். இஞ்சினத் தாங்கற தகட்டு ஓட்டைக்குள்ள மரை ஒக்காந்தா ஆடி ஆடி அரமாட்டம் ராவிப்போடும். தலைக்குக் கீழ மொட்டையா, நுனில மட்டும் மரை இருக்கறதக் குடுங்க.

— சும்மா சொல்லலக்கா, இந்தக் கடைக்கு வர்ற மெக்கானிக்குகளே இதக் கேக்கறதில்ல. பிரகாசண்ணனும் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு போல்ட்டத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. சாம்பிளக் குடுத்துட்டு, டீயக் குடிச்சுட்டு, மீசைய நீவிட்டு நிப்பாரு.

— அது ஒண்ணு அவருக்கு நல்லா வரும்ங்க.

— அப்புடிச் சொல்லாதீங்க! அவரு ஓட்டுன ஓட்டு என்ன! இந்தாங்க, நீங்க கேட்ட மொட்டை போல்ட்டு. ஆனா பொட்டலம் என்ற கைலதான் இருக்கும். ஓட்டப்போறவன் பேரச் சொன்னாத்தான் குடுப்பேன்.

— ஏனுங்க, பேரு எதுக்குங்க?

— கண்டவன் கைல அந்த வண்டிய நான் உடமாட்டனுங்க. கேளுங்க. எனக்கு அப்பத்தான் மீசை மொளைக்குது. காங்கேயத்து எண்ணெய் மில்லுக்குப் போல்ட்டு மூட்டைய வெச்சுட்டு டிவிஎஸ்ல போறேன். முன்னால தேங்கா லாரி. எதுக்க பஸ்ஸு. நடுவுல ஒரு காளை கவுத்த அத்துக்கிட்டு ஓடியாருது. உசுரு போச்சுன்னு நான் கலிமாவே சொல்லிட்டேன். அப்பப் பாத்துப் பின்னால இருந்து டப் டப் டப்புன்னு இந்தப் புல்லட்டு. டேங்குல வேளாங்கண்ணி மாதா படம். காளைக்கும் பஸ்ஸுக்கும் எடையில பூந்து போவுதுங்க! ஜாக்கெட்டு, கறுப்புக் கண்ணாடி வெச்ச ஹெல்மெட்டு. போறபோக்குல எனக்கு ஒரு கை வேற காட்டுனாரு. அதாணுங்க பிரகாசண்ணன்! அப்புடி ஓட்ட இன்னிக்கு ஆரு இருக்கறா?

— அவரு தனியாவா போனாரு?

— எங்கீங்க! பின்னால எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி. தலையோட துண்டப் போத்திக்கிட்டு, கொரங்குக்குட்டியாட்டம் அண்ணனக் கவ்வீட்டு ஒக்காந்திருந்தான். அப்பறம் அண்ணன் கடைக்கு வந்தப்பக் கேட்டேன், "அது ஆருங்கண்ணா?"ன்னு. மீசைய நீவுனாரு.

— அந்தக் காளைக்கு ஒரு கொம்பு மொண்ணையா இருக்கும்ங்க. நீங்க ஊதாச் சட்டை போட்டிருந்தீங்க. வண்டியப் பள்ளத்துல உட்டுப்போட்டு, மூட்டையக் கட்டிப் புடிச்சுட்டு நின்னீங்க.

— அட! ஆமாங்க, ஊதாச் சட்டைதான்! அண்ணன் அவ்வளவு வெசையாப் போறப்பயும் அதையெல்லாம் பாத்து வந்து உங்ககிட்டச் சொன்னாருங்களா?

— அவரு எங்கீங்க பாய் பாத்தாரு? கண்ண மூடி, என்ற முதுகுல மொகத்தப் பொதைச்சுட்டு, செபமாலையில்ல சொல்லீட்டு வந்தாரு.