பட்டர்பீனின் படத்தடியில் ஒரு வெற்றிடம்

மேரோ ஃபெர்ரி கிளை நூலகத்தின் மேன்மையே! கறுப்பின வரலாற்று மாதமாம் பிப்ரவரிதோறும், முப்பத்தோர் ஆண்டுகளாக, எங்கள் மக்களின் கதையைச் சுவரேற்றிய சுடரே! ஊரார் வாயில் ‘மிஸ் டெஸ்’ஸாய் வாழும் பெருமாட்டியே! மாலை வகுப்பினரும் நூலகப் பணியாளரும் தங்கள் பணி ஓய்வு நாளில் வணங்கி வாசிக்கும் மடல் இது.

பிற ஊர்கள் தலைவர்களின் படங்களை மாட்டின. தாங்களோ நம் ஊர்ப் பருத்தி ஆலைத் தொழிலாளரையும் பாடகர் குழுவையும் முடிதிருத்துபவரையும் மாட்டினீர்கள். “நம்மளப் பேரில்லாம எழுதுனது போதும்” என்று, எல்லாப் படத்தின் கீழும் முழுப்பெயர் எழுத வைத்தீர்கள்.

பாராட்ட வந்த இடத்தில் எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டுக் கூடைப்பந்து அணிப் படத்தில் ஐந்து பெண்கள். வெற்றிப் பந்தைப் போட்டவரை ஊர் ‘பட்டர்பீன்’ என்றே அறியும். செல்லப்பெயர்தானே இங்கே கடைசிவரை நிற்கிறது! குடும்பம் எப்போதோ டெட்ராய்ட் போய்விட்டது. உண்மைப் பெயர் அறிந்தவர், உடன் ஆடிய தொண்ணூற்று மூன்று வயது லவீனியா காப் அம்மையார் ஒருவரே.

“இன்னைக்கே போய்க் கேளு, கண்ணு” என்றீர்கள் இதை எழுதும் என்னிடம். நாற்பது கேள்விகளை வரிசைப்படுத்தியும் எனக்குப் போதவில்லை. “வியாழக்கிழமை போறேன், மிஸ் டெஸ்” என்றேன். செவ்வாயன்று அம்மையார் மறைந்தார்.

தாங்கள் என்னைத் திட்டவில்லை. “பார்பரான்னு போட்டுடலாமே, யாருக்குத் தெரியப்போகுது?” என்று வகுப்பில் ஒருவர் சொன்னபோதுதான், “பேரு வைக்க நீ யாரு, அவ அப்பனா?” என்று அதட்டினீர்கள். படத்தின் கீழே அவர் பெயருக்கான இடம் இன்றும் வெற்றாக இருக்கிறது.

இம்மடலின் முதல் வரியிலேயே என் கை நின்றது. தங்கள் முழுப்பெயர் எங்களில் எவருக்கும் தெரியவில்லை! பதிவேட்டிலும் முதலெழுத்துகள்தாம். அன்றே, கொட்டும் மழையில், ஒரே ஒரு கேள்வியோடு தங்கள் கதவைத் தட்டினேன்.

“எதுக்குக் கேக்குற, கல்லறையில வெட்டவா?” என்று சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “வெள்ளைக்காரங்க எங்கள எல்லாம் ‘ஏ பொண்ணு’ன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க வாயாலயே சீமாட்டின்னு சொல்லட்டும்னு எங்கம்மா வச்ச பேரு இது.”

பட்டர்பீனுக்கு நாங்கள் செய்த பிழைக்கு மாற்று இல்லை, மன்னியுங்கள். உடல்நலமும் உள்ளநிறைவும் குறையாது நெடுங்காலம் வாழ்க! எங்கள் சுவரில் இனித் தங்கள் படமும் இருக்கும். அதன் கீழே எழுதிவிட்டோம்:

கவுன்டெஸ் லொரேன் விட்டேக்கர்.

பிரிய மனமின்றி,
மாலை வகுப்பினர், நூலகப் பணியாளர்
எழுதியவர்: எஸ்ரா பிளெட்ஸோ