நான் சொல்லாம தொடாதே

— திரும்பவும் அதே பக்கம்தான் வந்து நிக்குது. எந்த மொழி வேணும்னு கேக்குது. மூணாவது தடவை!

— பதறாதம்மா. எந்த கம்ப்யூட்டர்? முதல்ல இருந்து சொல்லு.

— நம்ம... நம்ம வீட்டு கம்ப்யூட்டர்தான். கறுப்பாவே நின்னுச்சு. நீ டிராயர்ல விட்டுட்டுப் போன பென் டிரைவை வச்சு உள்ள இருக்குற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் புதுசா போடுறேன்.

— நீயா?

— ஏன்டி, நான் போட்டா ஏறாதா?

— பேங்க்ல சலான் எழுதக்கூட பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பேனாவை நீட்டுற ஆளு நீ.

— அது வேற. சீக்கிரம் சொல்லு. பதினோரு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்துடுவார். அதுக்குள்ள ஓடலைன்னா தூக்கிக் குடுத்துடுவாங்க.

— யாரு?

— ...உங்கப்பாதான்.

— குடுத்துடுவாங்களாம்! அப்பாவுக்கு எப்ப இருந்து இவ்வளவு மரியாதை?

— கிண்டலை அப்புறம் வச்சுக்க. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு.

— ஏன் குசுகுசுன்னு பேசுற?

— அப்பா தூங்குறார். நைட் ஷிப்ட்.

— சரி. போடும்போது ஒரு கோடு நகருமே, அது எவ்வளவு தூரம் போச்சு?

— நூறு சதவீதம். மூணு தடவையும் நூறு.

— ...

— இருக்கியா?

— இருக்கேன். நூறா... ம். சரி. கேபினட்டைத் திறந்து பாத்தியா?

— பாக்காம? கரண்ட்டைப் பிடுங்கிட்டுத்தான் திறந்தேன். மெமரியைக் கழட்டி, அழிரப்பரால தேச்சு, 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டினேன். அப்பதான் திரையில வெளிச்சமே வந்துச்சு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் காட்டுச்சு.

— இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

— நீ பண்ணும்போது பக்கத்துல டார்ச் பிடிச்சுட்டு நின்னது யாரு?

— கொட்டாவி விட்டுட்டு நின்ன!

— வாய்தானே திறந்திருந்துச்சு. கண்ணும் திறந்துதான் இருந்துச்சு.

— அங்க யாரும்மா இருமுறது?

— டிவி.

— அப்பா தூங்குறார், டிவி ஓடுது?

— நீ கம்ப்யூட்டரைப் பத்திப் பேசேன்!

— சரி, சரி. நூறு வந்ததும் என்ன ஆச்சு?

— முடிஞ்சுடுச்சு, மறுபடி ஆன் ஆகப் போறேன்னுச்சு. ஆச்சு. பாத்தா, பழையபடி மொழி கேக்குது.

— பென் டிரைவ் எங்க இருக்கு?

— சொருகின இடத்துலதான்.

— எடுக்கலையா? எடுக்கச் சொல்லித் திரையிலயே வந்திருக்குமே!

— வந்துச்சு. படிச்சேன்.

— அப்புறம்?

— அது சொன்னா போதுமா? நீ சொல்லலையே.

— அம்மா!

— உன் ப்ராஜெக்ட் ஏறிட்டிருக்கும்போது உருவிட்டேன்னு ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. 'இனிமே நான் சொல்லாம இதைத் தொடாதே'ன்ன. தொடல.

— அது நடந்து மூணு வருஷம் ஆச்சும்மா...

— ஆகட்டும். நீ இன்னும் சொல்லலையே.

— ...என் தப்புதான். அது சொருகியே இருந்தா, திரும்பத் திரும்ப அதுல இருந்துதான் ஆரம்பிக்கும். நீ போட்டது கெடவே இல்லம்மா. மூணு தடவையும் சரியாத்தான் போட்டிருக்க.

— இரு, இரு. அதை இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் சத்தமா.

— எதுக்கு?

— சொல்லேன்.

— மூணு தடவையும் சரியாத்தான் போட்டிருக்க!

— ம்... இப்ப எடுக்கட்டுமா?

— ஆஃப் பண்ணிட்டு எடு. இனிமே நான் சொல்லாமலே எடுக்கலாம்.

— எடுத்துட்டேன். ஆன் பண்றேன்... சுத்துது... இன்னும் சுத்துது...

— சுத்தட்டும்.

— பாஸ்வேர்ட் கேக்குது. இரு, அடிக்கிறேன்.

— என்ன பாஸ்வேர்ட்?

— அதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாது... வந்துடுச்சு! பேரோட வந்துடுச்சு!

— என்ன பேர் குடுத்த?

— அது... ஏதோ ஒரு பேர்.

— படிம்மா.

— 'குழந்தைகள் பிரிவு.'

— கை தட்டுறாங்களே, அதுவும் டிவியா?

— இல்லடி... லைப்ரரி. நான் தினம் தூசி தட்டுற கம்ப்யூட்டர். வர்ற புள்ளைங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. லைப்ரரி மேடம் இரும்புக்குப் போடச் சொல்லிட்டாங்க. நான் பாக்குறேன்னு வாயை விட்டுட்டேன். பெருக்குறவங்களுக்கு இது எதுக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சிரிச்சார்.

— அவர் எங்க இப்ப?

— இரும்புக்காரரைத் திருப்பி அனுப்ப வாசலுக்குப் போயிருக்கார்.

— நல்லா போகட்டும்.

— கோவமா?

— எதுக்கு?

— நம்ம வீட்டுதுன்னு பொய் சொன்னேனே. சரியாகலைன்னா அசிங்கம் என்னோட போகட்டும்னு...

— நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல, எல்லாம் ஏறி நிக்குமே, அந்த டிஸ்க்கே கிடையாதும்மா. போன தடவை வந்தப்பவே கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். இதோ, என் மேசை மேலதான் இருக்கு. அதுல நூறு என்ன, ஒண்ணுகூட ஏறாது.

— அப்ப... நூறுன்னு சொன்னப்பவே தெரியுமா?

— தெரியும்.

— கேட்டிருக்கலாம்ல?

— கேட்டிருந்தா, 'இரு, மேடம்கிட்ட குடுக்குறேன்'னு போனை நீட்டியிருப்ப.