சூரியனுக்கு ஒரு டச்-அப்

— ஜலீல் பாய், சூரியன்ல இருந்த புள்ளியை யாரு எடுக்கச் சொன்னா?

— யாரு சொல்லணும் லோகேஸ்வரி தங்கச்சி? பிரிக்பீல்ட்ஸ்ல இத்தனை வருஷமா ஸ்டூடியோ வெச்சிருக்கேன். படத்துல கறுப்பா ஏதாச்சும் கெடந்தா, தொடச்சிட்டுத்தான் பிரிண்டுக்கே அனுப்புவேன். உங்க லென்ஸ்ல தூசி லா.

— தூசியா? அது சூரியன் மேலயே இருக்கற புள்ளி பாய். நம்ம பூமியைத் தூக்கி உள்ள போட்டா காணாமப் போயிடும், அவ்ளோ பெருசு.

— அட, சூரியனுக்கே பருவா?

— சிரிக்காதீங்க, எரிச்சலா வருது. செமினியில வீட்டு வாசல்ல டெலஸ்கோப்பை வெச்சு, முன்னாடி பில்டரை மாட்டிட்டு, மேகம் எப்படா விலகும்னு புழுக்கத்துல வெந்தேன். ஒரு நாள் மழை, மறுநாள் புகைமூட்டம். பக்கத்து வீட்டு ஆன்டி, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எங்கம்மாகிட்டயே சொல்லிட்டுப் போறாங்க. கடைசியில கொஞ்ச நேரம் வானம் தெறந்துச்சு. அப்பக் கெடச்ச புள்ளி அது.

— சரி, கோவப்படாதீங்க. மொதல்ல வெள்ளையா, அவிச்ச முட்டை கணக்கா இருந்துச்சு. இப்ப எப்படித் தகதகன்னு இருக்கு பாருங்க. அந்தத் தங்கக் கலரும் நான் போட்டதுதான்.

— அப்படியே கண்ணு, மூக்கு, மீசையும் வரைஞ்சிருக்கலாமே. நாளைக்குக் கிள்ளான்ல எங்க கிளப் கண்காட்சி. மொத மொதலா என் படத்தைச் சேத்திருக்காங்க. ‘சூரியப் புள்ளிகள்’னு தலைப்பு, கீழ என் பேரு. புள்ளியே இல்லாத படத்துக்குப் பக்கத்துல நான் எந்த மூஞ்சியோட நிக்கறது? இந்தாங்க, ஒரிஜினல் பென்டிரைவ்ல இருக்கு. எதையும் தொடாம மறுபடியும் அடிச்சுக் குடுங்க.

— அழுக்கோடயா? ஜலீல் கடையில போட்ட படம்னு தெரிஞ்சா என் பேரு என்னாகும் தங்கச்சி?

— உங்க பேரா? படம் எடுத்தவ நான் பாய்.

— நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன். அதுக்குப் போய் இப்படிப் பேசறீங்க. ஏன், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப உங்களைப் படம் எடுத்தோமே, அப்ப உங்க கன்னம் பூரா இருக்கற கறுப்பு மச்சத்தை இருந்த இடம் தெரியாம எடுத்துக் குடுத்தது யாரு? உங்கம்மா எவ்ளோ சந்தோஷப்பட்டாங்க. நீங்கதான் இன்னிய வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

— இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. அந்தப் படத்தை நம்பி டெங்கில்லேருந்து வேன் புடிச்சுக் குடும்பமா வந்தாங்க. நான்தான் தட்டோட வெளிய வந்தேன். மாப்பிள்ளையோட அம்மா என் கையிலேருந்து காபியை வாங்கிக்கிட்டு, ‘பொண்ணை எப்பக் கூட்டிட்டு வருவீங்க?’ன்னு என்னையே கேட்டாங்க.